நடைபாதையில் கிடக்கும் டெப்ரிஸையும் (கட்டடக் கழிவையும்) நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளையும் மழைக்கு முன் அகற்றக் கோரி மனு

அனுப்புநர்:
தெருக் குடியிருப்போர் மற்றும் கடைக்காரர்கள்,
மாட்டுங்கா கிழக்கு, மும்பை.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி வார்டு அலுவலகம், மும்பை.

நாள்: 04-05-2026

பொருள்: நடைபாதையில் கொட்டிக் கிடக்கும் கட்டடக் கழிவை முழுவதுமாக அகற்றி, பேவர் பிளாக்குகளைத் திரும்பப் பதித்து, நடக்கும்படி செய்து தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாட்டுங்கா ரயில் நிலையத்திலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வரும் எங்கள் தெருவில், கேபிள் பதிப்பதற்காக இடப்பக்க நடைபாதையைத் தோண்டினார்கள். கேபிள் பதிந்தது, பள்ளமும் மூடப்பட்டது. தடுப்புகளையும் அறிவிப்புப் பலகையையும் ஒப்பந்ததாரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோண்டிய மண்ணும் உடைத்த கான்கிரீட்டும் பெயர்த்த பேவர் பிளாக்குகளும் போட்டது போட்டபடி கிடக்கின்றன.

மண்ணையாவது சுற்றிக்கொண்டு போகலாம். எங்கள் பயமெல்லாம் கம்பிதான். பழைய வடிகால் மூடியொன்று உடைந்து, அதன் பெரிய துண்டு மருந்துக்கடை வாசலுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே சாய்ந்து கிடக்கிறது. அதிலிருந்து நான்கு கம்பிகள் கணுக்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. துருப்பிடித்து மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் பகலிலேயே கண்ணில் படுவதில்லை. இரவில் மரக்கிளைகள் தெருவிளக்கை மறைத்துவிடும். யாரோ புண்ணியவான் ஒரு கம்பி முனையில் சிவப்புப் பையைக் கட்டி வைத்தார். அது காற்றில் கிழிந்து போயிற்று. எங்கள் கட்டடத்து மூதாட்டி ஒருவர் கோயிலுக்குப் போகும்போது புடவை ஓரம் அந்தக் கம்பியில் மாட்டி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருக்கிறார். தனியாக வாழ்பவர். ஒரு வாய் காபி போட்டுக்கொள்ளக்கூட அடுத்த வீட்டுக்காரர்கள் வர வேண்டியிருக்கிறது.

பார்வையற்ற ஒருவர் தினமும் இவ்வழியே ரயில் நிலையத்துக்குப் போய் வருகிறார். நடைபாதையின் கர்ப் விளிம்பைக் கோலால் தட்டிக்கொண்டே போவது அவர் வழக்கம். இப்போது விளிம்பே மண்ணுக்குள் புதைந்துவிட்டதால், வண்டிகள் போகும் சாலைக்குள் எப்போது இறங்கினோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஹாரன் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். ஜூன் நடுவில் பள்ளிகள் திறந்துவிட்டால் பிள்ளைகளும் அதே சாலையில்தான் இறங்கி நடக்க வேண்டும்.

ஒரு குவியல் கிடந்தால் அதன்மேல் இன்னொன்று சேரும் என்பது தாங்கள் அறியாததல்ல. முதலில் கிடந்தது ஒப்பந்ததாரர் போட்ட மண் மட்டுமே. பிறகு வீடு புதுப்பிக்கிறவர்கள் இரவோடு இரவாக உடைந்த டைல்ஸ், வாஷ்பேசின், கண்ணாடித் துண்டுகளை அதன்மேல் கொட்டத் தொடங்கினார்கள். இதைக் காட்டி, "இது எங்கள் டெப்ரிஸ் இல்லை" என்கிறார் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர். எது யாருடையது என்ற வழக்கு முடியும் வரை நடப்பவர்கள் காத்திருக்க முடியாது. நாங்கள் புகார் பதிந்தபோது மேலே கிடந்த மூட்டைகளை மட்டும் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். தீர்வு காணப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. கம்பிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த மனுவை எழுத வைத்தது அந்தக் குறுஞ்செய்திதான்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. ஆனால் 2025-இல் மே 26-ஆம் தேதியே இறங்கிவிட்டது. இந்தக் குவியலின் அடியில் மழைநீர் வடிகாலின் இரும்பு ஜாலி இருக்கிறது. அதன் பாதி, சிமெண்ட் கலந்த மண்ணால் இறுகிப் போயிருக்கிறது. ஒரு மழை பெய்து சிமெண்ட் உள்ளே இறங்கிக் கெட்டிப்பட்டால் பிறகு உளி வைத்துத்தான் உடைக்க வேண்டும். காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் கனமழையும் கடல் ஓதமும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் அந்தக் கம்பிகளை யார் பார்க்க முடியும்? 2017 ஆகஸ்ட் 29 மழையில் தண்ணீருக்கடியில் திறந்திருந்த ஆள்நுழைவுக் குழி டாக்டர் தீபக் அமராபுர்கரின் உயிரைக் கொண்டுபோனதை மும்பைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

தெருவில் உள்ள தடைகளை நீக்குவது மாநகராட்சியின் கட்டாயக் கடமை என்று 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு சொல்கிறது. பொதுமக்களுக்கோ வடிகாலுக்கோ இடையூறாகக் கட்டடக் கழிவைக் கொட்டக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகளே அப்போது சொல்லியிருந்தன. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கியது என்றும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. ஆகவே நாங்கள் சலுகை எதுவும் கேட்டு வரவில்லை.

முதலில் அந்தக் கம்பிகளை அகற்றித் தாருங்கள். அதற்கு டெண்டர் வேண்டாம். ஓர் ஆளும் ஒரு கட்டரும் போதும். அதுவரை அந்த இடத்தில் ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பு வைக்க வேண்டும். பிறகு, யார் கொட்டியது என்று பார்க்காமல் குவியல் முழுவதையும் எடுத்துவிட்டு, செலவை ஒப்பந்ததாரரிடமிருந்து அனுமதி நிபந்தனைப்படி வசூலித்துக்கொள்ளலாம். ஜேசிபியை நடைபாதைமேல் ஏற்ற வேண்டாம் என்று சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். நல்ல நிலையில் இருக்கும் கர்ப் கற்களும் அதில் உடைந்துவிடும். பேவர் பிளாக்குகளை வெறும் மண்மேல் அடுக்கினால் முதல் மழையிலேயே உள்வாங்கிவிடும் என்பதால், அடியில் ஜல்லியைக் கெட்டிப்படுத்தி, மணல் பரப்பி, ஓரக் கல் வைத்துப் பதிக்கச் செய்ய வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல் கேட்கும் 1.8 மீட்டர் தடையற்ற அகலம் எங்கள் நடைபாதைக்கு உண்டு. அது திரும்பக் கிடைத்தால் போதும். வடிகால் ஜாலியைத் திறந்து உள்ளேயும் பார்க்க வேண்டும். இளநிலைப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்த பிறகே புகாரை முடிக்கும்படி உத்தரவிடுங்கள்.

இன்னொன்று. குவியலால் இடம் போய், பூ விற்கும் அம்மா ஒருவர் இப்போது சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். துப்புரவு என்ற பெயரில் அவரை எழுப்பிவிடக் கூடாது. அவர் உட்கார்ந்திருந்த பழைய மூலையில் நடப்பவர்களுக்கு ஒரு நாளும் இடைஞ்சல் இருந்ததில்லை.

கையெழுத்திட்டவர்களில் பலர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று அவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால் மூலத்தைத் தமிழில் எழுதி, மராத்தி நகலை இணைத்திருக்கிறோம். பொறியாளர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் எங்களில் இருவர் உடன் வந்து இடத்தைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருக் குடியிருப்போர் மற்றும் கடைக்காரர்கள்

இணைப்பு: மராத்தி நகல், கம்பிகளும் வடிகால் ஜாலியும் தெரியும் புகைப்படங்கள், இடத்தைக் குறித்த கைவரைபடம், கையெழுத்துத் தாள்கள்.