முன்பணப் படிவத்தில் இல்லாத ஒரு வாசகம்

சம்பளக் கணக்குப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் பணிபுரியும் அன்பர்களுக்கு,

வணக்கம். 20 ஆண்டுகளுக்கு மேல் நானும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போட்டவன். எனவே இந்த மடலில் குற்றச்சாட்டு ஏதேனும் தென்பட்டால், அதில் பாதி எனக்கும் சேரும்.

சம்பள முன்பணம் வாங்கி, அது முழுவதும் கழியும் முன்பே வேலையை விட்டு விலகிய ஒருவருக்கு ஒருமுறை கணக்கு முடித்துக் கொடுத்தேன். சீட்டில் 'முன்பணம் பிடித்தம்' என்று ஒரே வரி. கீழே மிச்சம், சில்லறைத் தொகை. அவர் சண்டை போடவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விவரம் அங்கே இருக்கும் என்று நினைத்திருப்பார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் போன பிறகுதான் பேரேட்டைப் புரட்டினேன். 10 தவணையில் 6 கழிந்து, 4 பாக்கி. அந்த நான்கையும் மொத்தமாகப் பிடித்திருந்தேன். அதே மாதச் சம்பளப் பட்டியலும் வழக்கம்போல் தன் பங்குக்கு ஒரு தவணையைப் பிடித்திருந்தது. ஆக, ஐந்து! அந்த ஒன்றைத் திருப்பி அனுப்ப மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பிடிப்பதற்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை.

கொடுத்த பணத்தை நிறுவனம் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வாங்கியவர் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் எப்படி, எவ்வளவு என்பதை எந்த நாளில் பேசுகிறோம்? முன்பணப் படிவத்தில் தொகை இருக்கும், தவணை இருக்கும், கையெழுத்து இருக்கும். இடையில் விலகினால் என்ன செய்வது என்பது மட்டும் இருக்காது. விலகல் கடிதம் வந்த பிறகுதான் அது நமக்கு நினைவுக்கு வரும். அதற்குள் மேலாளர் முகம் சுளித்திருப்பார். "முழுவதையும் பிடித்துவிடு" என்று உத்தரவும் வந்திருக்கும்.

இது வெறும் நாகரிகம் சார்ந்த பேச்சு அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் நிறைவேற்றிய 95-ஆம் எண் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ வகுத்த நிபந்தனைக்கும் அளவுக்கும் உட்பட்டே ஊதியத்தில் பிடிக்கலாம் என்கிறது. அந்த நிபந்தனையையும் அளவையும் தொழிலாளிக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. பணி முடியும்போது பாக்கி ஊதியம் முழுவதையும் தீர்த்துவிட வேண்டும் என்பது 12-ஆம் பிரிவு. ஒரு சம்பளத்தில் இவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்த நாடுகளும் உண்டு. அங்கே முன்பணப் பாக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முதலில் அந்த வரம்பைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

வருமான வரியிலும் வழுக்கி விழுகிறோம். முன்பணம் கொடுத்த மாதத்திலேயே அதற்கு வரி பிடித்திருந்தால், இப்போது அதே தொகைக்கு மறுபடியும் வரி போடக் கூடாது. அப்போது வரியே பிடிக்காமல் கடனாகக் கொடுத்திருந்தால், முழுச் சம்பளத்துக்கும் வரி கணக்கிட்டு, அதன் பிறகு கைக்கு வரும் தொகையிலிருந்துதான் கழிக்க வேண்டும். இரண்டில் எது நடந்தது என்பது பழைய சம்பளச் சீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பயணச் செலவுக்குக் கொடுத்த முன்பணத்தையும் இதே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அது சம்பளமே அல்ல. பில் கொடுத்தால் கழிந்துபோகும் கணக்கு. அந்த பில் மேலாளரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும்போது, விலகுபவரை மட்டும் கடன்காரர் ஆக்குவது என்ன நியாயம்?

கடைசிச் சம்பளம் பாக்கிக்குப் போதாவிட்டால், மீதி ஒரு சாதாரணக் கடன். எழுதி வாங்கிக்கொண்டு தவணையில் பெறலாம். அதற்காக அனுபவச் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்வது அடகுக் கடைக்காரரின் வேலை. கணக்கரின் வேலை அல்ல.

அடுத்து முன்பணம் கேட்டு வருபவரின் படிவத்தில், கையெழுத்துக்கு மேலே இதைச் சேர்த்துவிடுங்கள்: "பணியிலிருந்து விலகினால், அன்றைய பாக்கியை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் இறுதிக் கணக்கில் பிடிக்கச் சம்மதிக்கிறேன், கொடுத்தது, கழிந்தது, பாக்கி என்ற விவரத்தைப் பிடிப்பதற்கு முன்பே எனக்கு எழுத்தில் தர வேண்டும்." ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர் ஒருவர்