மொறிஸ் மைனர் வானின் மறுசீரமைப்பு வேலை தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்,
10 மார்ச் 2025.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கள்,
பழைய வாகன மறுசீரமைப்புப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

விடயம்: மாற்றப்படாத முன்பக்கச் சில்லுப் பாகத்துக்குப் பணம் அறவிட்டமையும், மூலப் பாகங்களை அனுமதியின்றி அகற்றியமையும்

கடந்த ஆண்டின் பிற்பகுதியில் மறுசீரமைப்புக்காகத் தங்களிடம் ஒப்படைத்த எனது 1964 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வான், வேலை முடிந்து என் கைக்கு வந்த சில வாரங்களிலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போது இடப்பக்க முன்சில்லு மடிந்து மட்காட்டுக்குள் சரிந்து நின்றது. புதிதாக மாற்றியதாகத் தங்கள் விலைச்சிட்டையில் எழுதிப் பணமும் பெற்றுக்கொண்ட பாகம் மாற்றப்படவேயில்லை என்பது அதன் பின்னரே தெரியவந்தது. இதுபற்றித் தொலைபேசியில் பலமுறை பேசியும் உரிய பதில் கிடைக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சம்பவம் சுன்னாகம் சந்தைக்கு அருகில், திரும்புவதற்காக வேகத்தை நன்றாகக் குறைத்திருந்த வேளையில் நடந்தது. ஆகையால் எவருக்கும் காயமில்லை. ஆனால் இதே வான் கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் என் மகன் ஓட்டிவர யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எதிரே பேருந்துகளும் லொறிகளும் வந்துகொண்டிருக்கும் அந்த வீதியில் அச்சில்லு மடிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. நான் இம்முறைப்பாட்டைச் செய்வதற்கு முதற்காரணம் அதுவே. பணம் அதற்கு அடுத்ததுதான்.

வானை எங்கள் ஊர்க் கராஜுக்கு இழுத்துச் சென்று, மெக்கானிக் என் கண்முன்னே சில்லைக் கழற்றினார். சில்லு திரும்பும் செங்குத்து அச்சான கிங் பின்னின் கீழ்முனை திருகிப் பொருந்தியிருக்க வேண்டிய, விலைச்சிட்டையில் புதிது என்று எழுதிய ட்ரனியன் என்ற தாங்கிக்குள் புரிகள் தேய்ந்து, பலகையில் வைத்துப் பார்த்தபோது கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தன. சில இடங்களில் புரியே இல்லை. வெளிப்புறம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ற் பூசப்பட்டிருந்தது. கிறீஸ் நிப்பிளின் வாய்க்குள்ளும் அப்பெயின்ற் இறங்கி அடைத்துக்கொண்டதால், கிறீஸ் கன்னைப் பொருத்தி அழுத்தியபோது ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. துணியால் துடைத்துப் பார்த்தால், பெயின்றுக்கு அடியில் பழைய துருவும் மண்ணும் அப்படியே இருந்தன. வலப்பக்கத்தில் உண்மையாகவே புதிய பாகம் போடப்பட்டிருப்பதையும் அவர் காட்டினார். ஆகவே, ஒரு பக்கத்துக்குப் பாகம் வாங்கிவிட்டு இரு பக்கங்களுக்கும் பணம் அறவிட்டிருக்கிறீர்கள் என்றே நான் கருத வேண்டியுள்ளது.

மைனரின் இந்தப் பலவீனம் யாரும் அறியாத இரகசியமன்று. சேர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்த வாகனத்தின் முன்பக்கம் ரோர்சன் பார்கள் எனும் முறுக்குக் கம்பிகளில் தாங்கி நிற்பதும், அதன் ஸ்ரேறிங் இன்றும் ஓட்டுபவர்களை வியக்கவைக்கும் அளவுக்கு நேர்த்தியானது என்பதும் எவ்வளவு பிரசித்தமோ, கீழ் ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிறீஸ் போடாவிட்டால் புரி தேய்ந்து கிங் பின் கழன்று வந்துவிடும் என்பதும் அவ்வளவு பிரசித்தம். ஜக் வைத்துச் சில்லைத் தரையிலிருந்து தூக்கிய பிறகே கிறீஸ் அடிக்க வேண்டும், பாரம் தாங்கி நிற்கும்போது அடித்தால் கிறீஸ் புரிக்குள் சரியாக இறங்காது என்பதை எங்கள் ஊரில் மைனர் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் சொல்வார்கள். பழைய பிரித்தானிய வாகனங்களில் விசேட தேர்ச்சி உள்ளதாக விளம்பரம் செய்யும் தங்கள் நிறுவனத்துக்கு இது தெரியாமல் நடந்தது என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த விடயம் மின்பாகங்கள் பற்றியது. இந்த வான் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பற்றறிக்கு மின்னூட்டும் லூக்காஸ் டைனமோவுடனும், பற்றறியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் பொசிற்றிவ் ஏர்த் முறையிலும் அறுபது ஆண்டுகள் ஓடியது. அவற்றைப் பழுதுபார்க்குமாறுதான் வேலைக் கட்டளையில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். தாங்களோ என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் டைனமோவையும் அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ரோல் பொக்ஸையும் கழற்றிவிட்டு, பிற்காலத்து மின்னாக்கியான ஓல்ரனேற்றர் ஒன்றைப் பூட்டி, பற்றறியின் முனைகளையும் மாற்றியிருக்கிறீர்கள். அப்படி மாற்றும்போது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலின் இரு வயர்களையும் இடம்மாற்ற வேண்டும் என்ற சிறிய விடயம்கூடக் கவனிக்கப்படவில்லை. காலையில் எஞ்சின் எழும்ப மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மெக்கானிக் கூறினார். மூல எஸ்.யூ. பெற்றோல் பம்பும் காணாமற்போய், அதனிடத்தில் மலிவான பிளாஸ்ரிக் பம்ப் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று அடித்து, காபரேற்றர்க் கிண்ணம் நிரம்பியதும் தானாகவே ஓய்ந்துவிடும் அந்தப் பழைய பம்பின் சத்தம், பெற்றோல் வருகிறதா இல்லையா என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லிவிடும். ஓல்ரனேற்றர் நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியன்று. எனக்குச் சொந்தமான பொருளை மாற்றும் உரிமையைத் தங்களுக்கு யார் தந்தார்கள் என்பதே கேள்வி.

ஈயமற்ற பெற்றோலுக்கு ஏற்றவாறு எஞ்சின் ஹெட்டில் கடினமான எக்ஸோஸ்ற் வால்வு சீற்றுகள் பொருத்தியதாகவும் விலைச்சிட்டையில் உள்ளது. சீற்று தேய்ந்தால் வால்வு இடைவெளி குறையும்; அதற்குள்ளாகவே அது குறைந்து வருவதால், அந்த வேலையும் நடந்ததா என்ற ஐயம் எழுந்துள்ளது. வேலை செய்த லேத் பட்டறையின் பற்றுச்சீட்டைத் தாங்கள் காட்ட வேண்டும்.

தங்கள் அலுவலர் தொலைபேசியில், “பழைய வாகனம் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று கூறினார். என் தகப்பனார் வாங்கிய இந்த வான், எங்கள் தோட்டத்து வெங்காயத்தையும் புகையிலையையும் பல்லாண்டுகள் சுமந்தது. மைனர் காரைப் போலன்றி வானுக்கும் பிக்அப்புக்கும் தனிச் சேசி உண்டு என்பதால் அது பாரத்துக்கு அஞ்சியதில்லை. யுத்த காலத்தில் பெற்றோல் இங்கே தடைசெய்யப்பட்டிருந்தபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்களுள் இதுவும் ஒன்று. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவை ஹயர் கார்களாகவும் பொருள் வண்டிகளாகவும் இந்தக் குடாநாட்டை இயங்கவைத்த காலம் அது. அத்தனையையும் தாங்கி வந்த வாகனம், விசேட தேர்ச்சி பெற்றவர்களிடம் போய் வந்த பிறகு வீதியில் விழுந்ததற்கு அதன் வயதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பாகங்கள் கிடைக்கவில்லை என்றும் சொல்ல இயலாது. பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான மைனருக்குப் பிரித்தானியாவில் இன்றும் புதிய பாகங்கள் விற்பனையாகின்றன. அதன் தகட்டுப் பாகங்கள் எங்கள் நாட்டிலேயே செய்யப்பட்டு அங்கே ஏற்றுமதியான காலமும் உண்டு.

ஆகவே, தாங்கள் வழங்கிய ஆறு மாத உத்தரவாதத்தின் கீழ், இடப்பக்க ட்ரனியனையும் கிங் பின்னையும் புதிய, தரமான பாகங்களால் மாற்றி, முறிந்த மட்காட்டையும் சேதமடைந்த பிரேக் குழாயையும் தங்கள் செலவில் சீர்செய்து தருமாறு கேட்கிறேன். அவ்வேலை யாழ்ப்பாணத்தில் நான் தெரிவுசெய்யும் கராஜில், என் முன்னிலையில் நடைபெற வேண்டும். வானை மீண்டும் கொழும்புக்கு அனுப்ப நான் சம்மதிக்கமாட்டேன். கழற்றிய டைனமோ, கொன்ரோல் பொக்ஸ், எஸ்.யூ. பம்ப் ஆகிய மூன்றையும் எந்த நிலையில் இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். அவை விற்கப்பட்டிருந்தால், யாருக்கு விற்கப்பட்டன என்பதை எழுத்தில் அறியத்தர வேண்டும். அதேவகை மூலப் பாகங்களைத் தேடித் தருவதும் தங்கள் பொறுப்பாகும். செய்யாத வேலைகளுக்கு அறவிட்ட தொகையையும், வானை இழுத்துச் சென்ற செலவையும் மீளச் செலுத்த வேண்டும்.

இக்கடிதம் கிடைத்து இரண்டு வாரங்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிடின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் இம்முறைப்பாட்டைச் சமர்ப்பிப்பேன். தேய்ந்த ட்ரனியன் என்னிடமே உள்ளது; தங்கள் பிரதிநிதி எவரும் நேரில் வந்து பார்வையிடலாம், ஆனால் அதை எடுத்துச் செல்ல அனுமதிக்கமாட்டேன். இதே காலத்தில் தங்களிடம் முன்பக்க வேலை செய்வித்த ஏனைய மைனர் உரிமையாளர்களுக்கும் உடனடியாக அறிவித்து, அவர்களது வாகனங்களைப் பரிசோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு எனக்கான பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மொறிஸ் மைனர் வான் உரிமையாளர்.

இணைப்பு: வேலைக் கட்டளை, விலைச்சிட்டை ஆகியவற்றின் பிரதிகள், கழற்றிய பாகத்தின் புகைப்படங்கள், மெக்கானிக்கின் கையொப்பமிட்ட குறிப்பு.