தங்கச்சியின் உயர்தரப் படிப்பு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மழை விட்டபாடில்லை. சாதாரணதரப் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று தங்கச்சியோடு நெடுநேரம் பேசினாயாம். எங்களிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. வேலை நேரமாக இருந்திருக்கும்.

தமிழ் ஏ, விஞ்ஞானம் பி, கணிதம் சி. தமிழும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல், இருந்தாலே உயர்தரத்துக்குப் போகலாம். இவள் ஒன்பதும் சித்தி. நம்ம லயத்தில் வேறு யார் எடுத்தார்கள், சொல்லு!

கொழும்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாயாம். பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் கொழும்புக்கு எடுக்க வேண்டாம், மகன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம்ம நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டை விலாசத்தைப் பார்த்து மாவட்டம் போடுவதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டப் பாடசாலையில் கூடுதல் காலம் படித்தாளோ அந்த மாவட்டம்தான். அங்கே போனால் கொழும்புப் பிள்ளைகளின் இசட் புள்ளியோடுதான், அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் அந்தப் புள்ளியோடுதான், போட்டி போட வேண்டும்.

நம்ம பாடசாலை 1சி வகை. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. உயிரியல் பிரிவில் படிக்க ஹட்டனிலோ நுவரெலியாவிலோ விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலை வேண்டும். அதிலும் பேரைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது. தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, போன தடவை எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி என்று கேட்க வேண்டும். பாதி வருடத்தில் பௌதிக ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால், பிள்ளை மற்ற இரண்டிலும் நல்லாச் செய்து அந்த ஒன்றில் விழும். மூன்றும் சித்தியில்லாமல் பல்கலைக்கழகம் கிடையாது. ஆள் இல்லையென்றால் தொழினுட்பப் பிரிவு நல்லது: உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகத் தகவல் தொழினுட்பம்.

செலவை யோசிக்கிறாயோ தெரியவில்லை. இலவசப் பாடநூல் 11ஆம் தரத்தோடு முடிந்துவிடும், உண்மைதான். பஸ்ஸுக்கு மாணவர் சீசன் இருக்கிறது. நீ அனுப்புகிற காசில் ஒரு சதமும் வீணாகவில்லை, அதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கடையில் ஆள் தேவை என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. பெரியக்காவுக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சம்பாதிக்கத்தான் வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையில் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் முடிக்கட்டும். தனியார் டிப்ளோமாவுக்குக் காசு கட்டாதே. என்.வி.கியூ. இல்லாத சான்றிதழை எத்தனை இடத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள்!

பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஓரெழுத்து மாறியிருக்கிறது. உன் பெயருக்குப் பட்ட பாடு போதும், இதை இப்போதே பிரதேச செயலகத்தில் கொடுத்துவிடுகிறேன்.

பாடசாலையில் சேர்க்கும் நேர்முகத்துக்கு முந்தி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் எடு. என்னிடம் பேசு. அதுவரை கொழும்பைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா