கடுகின் எடை

சத்துவாச்சேரி,
ஆடி 9.

அன்பு மகள் உமாவுக்கு நைனா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. போனிலேயே பேசலாம்தான். ஆனால் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் கடுதாசி.

நீ வளர்க்கும் பூனைக்குட்டி கடுகின் எடை நேற்று 410 கிராம் என்று அனுப்பியிருந்தாய். முந்தாநாளும் 410. பல்லைப் பார்த்து ஆறு வாரக் குட்டி என்றாராம் டாக்டர். பிறக்கும்போது 100 கிராம், அப்புறம் வாரத்துக்கு 100 கிராம் ஏற வேண்டும் என்பது நீ சொன்ன கணக்கு. அப்படியானால் 700 கிராம் இருக்க வேண்டாமா? லாங் பஜாரில் முப்பத்தைந்து வருஷம் தராசு பிடித்தவன் நான். கிட்டத்தட்ட 300 கிராம் குறைகிறது என்றால் தூக்கம் வராது.

தினமும் ஒரே நேரத்தில், தீனி வைப்பதற்கு முன்னால் நிறுத்துப் பார். கையில் பிடித்துக்கொண்டு நிறுக்காதே. சின்ன அன்னக்கூடையைத் தட்டில் வைத்து, பூஜ்யம் காட்டின பிறகு உள்ளே உட்கார வை. குட்டி ஓடுகிறது என்று அவசரத்தில் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளாதே. இரண்டு நாளாக ஏறவில்லை, அதனால் டாக்டரிடம் காட்டிவிடு. இது உன் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும் என்று தெரியும், போனிலும் சொல்கிறேன்.

பூச்சி மருந்து ஒரு தரம் கொடுத்தால் போதாது, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும் என்றாயே, தேதியைக் காலண்டரில் குறித்தாயா? ஈறு வெளுத்திருக்கிறதா என்றும் பார். தெள்ளுப்பூச்சி இரத்தத்தைக் குடித்தே சின்னக் குட்டியைச் சாய்த்துவிடும். புனேயில் இப்போது மழையாமே. சுடுதண்ணீர் பாட்டிலில் துணி சுற்றிப் பக்கத்தில் வை. முதலில் உடம்பு சூடாக வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு.

காட்பாடி அத்தை வந்திருந்தாள். "இவ்ளோ படிச்சிட்டு யாரோ தத்தெடுக்கப் போற பூனைக்கு ஆயா வேலை பாக்குறாளா?" என்றாள். "சத்துவாச்சேரிக்காரங்களுக்கு இது புதுசா? ஜலகண்டேஸ்வரர் சாமியையே 1981இல வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிப் போற வரைக்கும் நாங்கதானே வெச்சிருந்தோம்" என்றேன். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னது சரியில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. இப்போது கேட்டால் குட்டியைக் காரணம் காட்டுகிறாய். அம்மா ரத்தினகிரி முருகனுக்கு என்னவோ வேண்டிக்கொண்டிருக்கிறாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை சமைக்கிறார் என்றாய், சரி. பாட்டில் தண்ணீர் ஆறிவிட்டதா என்று ராத்திரி ஒருமுறை எழுந்து பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "இதுவும் போயிடுச்சின்னா என்னால முடியாது நைனா" என்றாய். நான் அந்த 'உம்'மைக் கேட்காதவன் மாதிரி, பால் மாவு என்ன விலை என்று கேட்டேன். அதற்கு நீ, மாட்டுப்பால் குட்டிக்குச் சேராது, வயிற்றால் போகும், மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனாய். எனக்குக் கை நடுங்கியது.

நீ நாலாவது படிக்கும்போது கடைப்பூனை லாரியில் அடிபட்டு, துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு குட்டி மட்டும் கிடந்ததே. அதைக் கணியம்பாடி ரைஸ் மில்காரர் கொண்டுபோனார் என்று சொன்னேன். யாரும் கொண்டுபோகவில்லை. நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், குழந்தையைப் போல மடியில் மல்லாக்கப் போட்டு, இங்க் ஃபில்லரில் மாட்டுப்பால் புகட்டினேன். மூக்கு வழியாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டினேன். மூன்று மணிக்கெல்லாம் போய்விட்டது. கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

அப்புறம் கணியம்பாடி வண்டி வரும்போதெல்லாம் நீ ஓடி வந்து, "எங்க பூனை எலி புடிக்குதா?" என்று டிரைவரைக் கேட்பாய். "ரெண்டு புடிச்சுதாம்" என்று உள்ளேயிருந்து நானே பதில் சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் சொன்னேன்.

தை மாதமும் அதையேதான் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை உன்னிடம் கொடுத்தார். நீ அழக்கூட இல்லை, லைனில் இருந்தாய். நான் பொன்னி மூட்டை விலை ஏறிவிட்டது என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நீயாக எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் எங்கே வைத்தேன்?

இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. அம்மா அந்த நேரம் கோயிலுக்குப் போயிருப்பாள். நான் விலை எதுவும் பேசமாட்டேன்.

கடுகின் எடையைத் தினமும் அனுப்பு. குறைந்தாலும் அனுப்பு.

இப்படிக்கு,
நைனா