அக்காவுக்கு, என் சுகர் பத்தி

அன்புள்ள அக்கா,

போன்ல பேசும்போதெல்லாம் "அங்க உன்ன யாருடா பாத்துக்குறா"ன்னு கேக்குற, நானும் எதையாவது சொல்லி மழுப்பிடுறேன், அதான் இந்த தடவ எழுதியே அனுப்பிடலாம்னு. யாரும் இல்லக்கா, நானேதான் பாத்துக்குறேன். பயப்படாத.

இங்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட்னா கொஞ்ச நேரந்தான், மாத்திரைய எழுதி அனுப்பிடுவார்னு போனா, "அடுத்த மூணு மாசத்துல உங்களால எதை மாத்த முடியும்"னு என்னையே கேக்குறாரு. மொதல்ல கடுப்பா இருந்துச்சு, அதச் சொல்லத்தானய்யா நீ இருக்கன்னு. இப்ப அந்தக் கேள்வி சரின்னுதான் படுது, அந்த ரூமை விட்டு வெளிய வந்தா சுகரோட குடும்பம் நடத்துறது நான்தானே. மூணு மாசக் கணக்கும் சும்மா இல்ல, ரத்த சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டியிருக்கிற சுகரத்தான் ஹெச்பிஏ1சி டெஸ்ட் காட்டுது, டெஸ்டுக்கு மொத ரெண்டு நாள் மட்டும் பத்தியமா இருந்து ஏமாத்தல்லாம் முடியாது. வீட்டுல விரல்ல குத்திப் பாக்குற சுகர் மெஷின்ல நம்பரும் இங்க வேற அளவு, அதுல 7ன்னு வந்தா ஊர்ல நீ சொல்ற கணக்குல 126, 18ஆல பெருக்கிக்கோ.

ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி கால் பாப்பேன். சின்ன கண்ணாடி ஒண்ண அடிப்பாதத்துக்குக் கீழ புடிச்சு, குதிகால், விரல் இடுக்கு எங்கயாவது வெடிப்பு, கொப்புளம், செவப்பு இருக்கான்னு. இடது கால் மரத்துப்போகுதுல்ல, இந்தக் குளிருக்கு வெந்நீர்ப் பை வெச்சா வெந்தாக்கூட தெரியாது, அதனால சாக்ஸ் மட்டுந்தான். ஷூ போடும்போதும் உள்ள கைய விட்டு தடவிப் பாத்துட்டுதான்.

ஒண்ணு மட்டும் எரிச்சலா இருக்குக்கா. பொறுப்பா இருன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு, நீயே வரவழைச்சுக்கிட்டதுங்கற மாதிரியே பேசுறாங்க. அப்பாவுக்கு இருந்துச்சு, அப்பத்தாவுக்கு இருந்துச்சு, இதுல நான் என்னத்த வரவழைச்சேன்? இன்னும் சில பேரு மனசு தெம்பா இருந்தா மாத்திரையே வேணாங்குறான், அவன்கிட்ட வாயக் குடுக்குறதே இல்ல, நேரத்துக்கு மாத்திரை போடுறதும் என் வேலைதானே. எல்லாம் ஒழுங்கா செஞ்சும் சில நாள் ஏறத்தான் செய்யுது, காய்ச்சல் வந்தா ஏறும், டென்ஷன்ல ஏறும், தூக்கம் கெட்டா ஏறும். நோட்டுல குறிச்சு வெச்சுட்டு படுத்துடுவேன், அதுக்காக என்னையே திட்டிக்கிறதில்ல.

சரி, நீ கண்ணு எப்ப காட்டுன? கண்ணாடிப் பவர் பாக்குறதச் சொல்லல, கண்ணுல சொட்டு மருந்து ஊத்தி விழித்திரை பாக்குறத சொல்றேன். பார்வை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லித் தப்பிக்காத, சுகரால விழித்திரைக்கு வர்ற பாதிப்பு ஆரம்பத்துல நமக்குத் தெரியவே தெரியாது, சுகர் உள்ளவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டணும். மாமாவுக்கு லீவு கிடைக்கட்டும்னு உக்காந்திருக்காத. மருந்து ஊத்துனா கொஞ்ச நேரம் பார்வை மங்கும், கூட பாப்பாவ கூட்டிட்டுப் போ, ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

உன் தம்பி