தேனீயின் வேலை தலையெழுத்து இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் அறிவியல் பக்கத்தில் தேனீக்களைப் பற்றி வந்த கட்டுரை இப்படி முடிந்திருந்தது: "தச்சன் பிள்ளை தச்சன் ஆவதைப் போல, எந்தத் தேனீக்கு எந்த வேலை என்பது பிறக்கும்போதே மரபணுவில் எழுதப்பட்டுவிடுகிறது." இதை எனக்குப் படித்துக் காட்டியவள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி. கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவள்தான் எனக்கு வாரா வாரம் உங்கள் இதழை வாசிக்கிறாள். முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்படியா அம்மாயி?" என்று கேட்டாள்.

நான் நாகலூரில் முப்பத்தைந்து வருடமாகத் தேனீ வளர்க்கிறேன். அந்த வரி பொய் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. தான் வளர்ந்த மெழுகு அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் பணித் தேனீ முதலில் அறைகளைச் சுத்தம் செய்கிறது. அடுத்து, புழுவாக இருக்கும் குஞ்சுகளுக்குத் தன் உடம்பில் சுரக்கும் பாலை ஊட்டுகிறது. அப்புறம் மெழுகு சுரந்து அடை கட்டுகிறது, வெளியிலிருந்து வரும் பூ மதுவை வாங்கி வைக்கிறது, வாசலில் காவல் நிற்கிறது. இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே பூவுக்குப் பறக்கிறது. ஒரே தேனீ, உடம்பில் ஒரே மரபணுத் தொகுதி, சில வாரத்துக்குள் இத்தனை வேலை. பிறக்கும்போதே எழுதிய வேலை இதில் எது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இந்த வரிசைகூடக் கட்டாயம் இல்லை. குடும்பம் பிரிக்கும்போது, அதாவது ஒரு பெட்டித் தேனீக்களை இரண்டு பெட்டியாக்கும்போது, இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பிரித்த பெட்டியைத் தோட்டத்தின் மறுகோடியில் வைத்தால், பூவுக்குப் போய்ப் பழகியவை எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். புதுப் பெட்டியில் குஞ்சுத் தேனீக்கள் மட்டும் மிஞ்சும். ஒரு வருடம், அன்றன்று பொரித்து வந்தவற்றின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன். ஒன்பதாம் நாள் வெள்ளைப் பொட்டுக்காரி ஒருத்தி காலில் மகரந்த உருண்டையோடு வாசலில் வந்து இறங்கினாள். வெளிவேலைக்கு ஆள் இல்லை, அவள் போனாள், அவ்வளவுதான். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜீன் ராபின்சன் குழு, பிறந்து ஒரு நாளான தேனீக்களை மட்டும் வைத்துக் குடும்பம் அமைத்துப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. சில தேனீக்கள் ஒரு வார வயதிலேயே இரை தேடப் புறப்பட்டன.

கட்டுரையாளர் எங்கே தடுமாறினார் என்றும் யோசித்துப் பார்த்தேன். ஏற்காட்டுக்குப் பயிற்சிக்கு வந்த வேளாண் கல்லூரி மாணவி ஒருத்தி என் பெட்டிகளைப் பார்க்க அடிக்கடி வருவாள். அவள்தான் எனக்கு விளக்கினாள். 'இரைதேடல்' மரபணு என்று ஒன்று உண்டு. பழ ஈயில் அதற்கு இரண்டு வடிவம். ஒரு வடிவம் உள்ள புழு தீனி தேடித் தூரம் ஊரும், இன்னொன்று இருந்த இடத்திலேயே தின்னும். அது பெற்றோரிடமிருந்து வருவது, கடைசி வரை மாறாது. அதே மரபணு தேனீயிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது வேலை செய்யும் அளவு, தேனீயின் வாழ்நாளுக்குள்ளேயே கூடுகிறது. பூவுக்குப் போகும் தேனீயின் மூளையில் அதிகம், புழுவுக்குப் பால் ஊட்டும் தேனீயின் மூளையில் குறைவு. வயதுக்கு முன்பே வெளியே போன இளம் தேனீயிடமும் அதிகம்தான். ராபின்சன் குழு இதை 2002-லேயே வெளியிட்டுவிட்டது. ஈயின் கதையைத் தேனீயின் தலையில் கட்டியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு சேர்ந்து வருகிறது. அதனால் ஒரு பெட்டிக்குள்ளேயே பல தகப்பன்மாரின் மகள்கள் இருக்கிறார்கள். சிலர் சீக்கிரம் வெளியே கிளம்புவார்கள், சிலருக்கு மதுவைவிட மகரந்தத்தில் நாட்டம். பிறவியில் வருவது அந்தச் சாய்வு. அடுத்து எந்த வேலை என்பதைக் கூட்டின் தேவையும் சேர்ந்து முடிவு செய்கிறது. வெளியே போய்வரும் மூத்த தேனீக்களின் உடம்பிலிருந்து ஒரு வேதிப்பொருள் வருகிறது, அது இளையவற்றை இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. மூத்தவை குறைந்தால் அந்தத் தடையும் குறையும்.

பின்னால் திரும்பவும் முடியும். இதை நான் மிகக் கசப்பான வருடத்தில் கண்டேன். 1992 வாக்கில் தென்னிந்தியா முழுவதும் இந்தியத் தேனீக்களைப் புழுப் பை நோய் வாரிக்கொண்டு போனது. புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்தன. நியூட்டன் பெட்டி என்று நாங்கள் சொல்லும் மரத் தேன் பெட்டிகள் என்னிடம் பன்னிரண்டு இருந்தன, அவற்றில் ஒன்றுதான் மிஞ்சியது. அதிலும் புதிதாகப் பொரித்து வர ஒன்றும் இல்லை, சிறகு ஓரம் கிழிந்த கிழவிகள் மட்டுமே. மரப்பொந்தில் பிழைத்திருந்த ஒரு கூட்டிலிருந்து நல்ல புழு அடை ஒன்றை எடுத்துப் பெட்டியின் மரச் சட்டத்தில் கட்டி வைத்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் வைத்தேன். அந்தக் கிழிந்த சிறகுக்காரிகளே அறைக்குள் தலையை விட்டுப் புழுக்களுக்கு ஊட்டினார்கள். வற்றிப்போன பால் மறுபடி சுரந்தது. அந்த வம்சம்தான் இன்றும் என் தோட்டத்தில் பறக்கிறது.

இருபது வருடம் கழித்து, 2012-ல், அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், குரோ அம்டம் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழுவும் வெளித் தேனீக்கள் போயிருந்த நேரத்தில் கூட்டிலிருந்து செவிலித் தேனீக்களை, அதாவது புழுக்களுக்கு ஊட்டுபவற்றை, எடுத்துவிட்டுப் பார்த்தது. திரும்பி வந்தவற்றில் ஒரு பகுதி மறுபடி செவிலி ஆயின. மரபணுவின் எழுத்து அப்படியே இருக்க, அதன் மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் மாறியிருந்தன. செவிலிக்கும் வெளித் தேனீக்கும் 155 இடங்களில் அந்தக் குறிகள் வேறுபட்டன. வேலை திரும்பியபோது அவற்றில் 57 இடங்களும் திரும்பின. எழுதியதை அழித்து எழுதலாம் என்று தேனீயின் மூளையே காட்டுகிறது. உங்கள் பக்கத்தில் மட்டும் அது கல்வெட்டு ஆகிவிட்டது.

எழுத உட்கார்ந்ததால் பழையதும் வருகிறது. போன வருடம் இதே பக்கத்தில் "உறைந்த தேன் கலப்படத் தேன்" என்று போட்டீர்கள். ஏற்காட்டுக் குளிரில் நல்ல தேனும் உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். சேலம் அஸ்தம்பட்டியில் எனக்குப் பத்து வருட வாடிக்கையாக இருந்த ஒரு குடும்பம், உங்கள் பக்கத்தைக் கத்தரித்து, வாங்கிய பாட்டில்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியது. அந்த அம்மாவிடம் நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. மலைத் தேன் பற்றி எழுதியபோது இத்தாலியத் தேனீயின் படத்தைப் போட்டீர்கள். கோடை விழா நடக்கும் மே மாதம் தவிர, எங்கள் மலை உங்கள் கண்ணில் படுவதும் இல்லை.

இதெல்லாம் பொறுத்தேன். தச்சன் பிள்ளையைப் பொறுக்க முடியவில்லை.

என் அப்பா காபித் தோட்டத்தில் கூலி. நான் எட்டாவது படித்தபோது வாத்தியார் ஒருவர் வகுப்பில் எல்லார் முன்னாலும், "உங்க ரத்தத்துல காபிக் கூடைதான் இருக்கு, கணக்கு எங்கே ஏறும்?" என்றார். அடுத்த வருடம் நான் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு நானே கற்றுக்கொண்ட தொழில் இது. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் தேன் பெட்டியைத் தொட்டதில்லை. அந்த வாத்தியார் சொன்னதையே, ஐம்பது வருடம் கழித்து, அறிவியல் என்ற பெயர் போட்டு என் வீட்டுக் கூடத்தில் என் பேத்தியின் வாயால் கேட்கும்படி செய்துவிட்டீர்கள். அதுவும் யாரைச் சாட்சிக்கு இழுத்து? என் தேனீக்களை.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தக் கடைசி வரி தவறு என்று இரண்டு வரி போடுங்கள். கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் மார்ச், ஏப்ரலில் காபி பூக்கும்போது வரட்டும், பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். திருத்தம் எந்த வாரம் வரும் என்று ஒரு தபால் அட்டை போட்டால் உதவியாக இருக்கும். சில ஞாயிறு எங்கள் ஊருக்கு இதழ் வந்து சேர்வதில்லை. அன்றைக்கு மட்டும் கீழே ஆள் அனுப்பி வாங்கி வரச் சொல்வேன். என் பேத்திதான் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் ஒரு வாசகி,
நாகலூர், ஏற்காடு, சேலம் மாவட்டம்.