கட்டிக்காகக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கும் என் தங்கைக்கு வயது 31. பிள்ளை இல்லை. மாதம் பத்து நாள் இரத்தப்போக்கு. மலை ஏறினால் மூச்சு வாங்கும். ஸ்கேனில் நார்க்கட்டி (கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) தெரிந்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை இருப்பதே கண்டியில் இன்னொரு வைத்தியர் சொல்லித்தான் தெரிந்தது.

அதில் இரத்தம் அதிகம் போகலாம் என்பது உண்மைதான். குறைக்கவும் வழி உண்டு. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியை ரப்பர் குழாயால் கொஞ்ச நேரம் இறுக்கிக் கட்டுகிறார்கள். வாசோபிரசின் ஊசி போட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறார்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் கொடுப்பதுண்டு. ஆனால் அதற்கு முன்னால் இரத்தச்சோகையைச் சரிசெய்ய வேண்டும். நம் தோட்டங்களில் இங்கேதான் இடிக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் எப்படிச் சேரும்? (நானும் அப்படி விழுங்கியவள்தான்.)

கட்டி திரும்ப வரலாம், பிறகு பிரசவம் சிசேரியனாகலாம். சரி, அதையும் சொல்லட்டும்; முடிவெடுக்க வேண்டியவள் அவள். கிளினிக்கில் இதையெல்லாம் தமிழில் விளக்க ஒருவரையாவது சுகாதார அமைச்சு நியமிக்க வேண்டும்.

தோட்டத்து வாசகி,
ஹட்டன்